பதினான்காம் அறைப் பலகை

ஜூலை 4

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து கோட்டில் நிற்காது. 'க' பெரிதாகவும் 'ன' சின்னதாகவும் வரும். சில இடங்களில் பேனா தாளைக் கிழித்திருக்கும். இதுவரை எழுதியதற்கே அரைமணி ஆகிவிட்டது. மணி அடித்தும் கரும்பலகை துடைத்தும் பழகிய எழுபத்தொரு வயதுக் கை இது.

என் பெயர் சன்னாசி. உறையூரில் குடியிருக்கிறேன். ஒரு கல்லூரியின் கணிதத் துறையில் முப்பத்தைந்து வருடம் அட்டெண்டராக இருந்தேன். ஏழு மாதமாக மாநகராட்சிப் பள்ளியில் மாலை வகுப்புக்குப் போகிறேன். முப்பது பேர் சேர்ந்தோம், ஒன்பது பேர் மிச்சம். அதில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். பாடம் நடத்தும் சகாயமேரி டீச்சர் பகலில் தையல் கடை வைத்திருப்பவர். இந்த நோட்டைக் கொடுத்தவர் அவர்தான்.

"என்ன நடந்துச்சோ அத எழுதுங்க தாத்தா. அழகா எழுதணும்னு உக்காந்தீங்கன்னா ஒண்ணும் வராது."

எழுதும்போது என் மனைவி மருதாயி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, கலெக்டருக்கு மனுவா?"

"உன்னப் பத்திதான் எழுதுறேன்."

"எழுது எழுது. கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு எழுதிராத."

ஜூலை 5

சத்திரம் பஸ் நிலையத்தில் ஏழு பஸ்ஸின் பெயர்ப்பலகைகளைப் படித்தேன். எதிலும் ஏறவில்லை. படித்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 9

கல்லூரியிலிருந்து ரெஜினா மேடம் வீடு தேடி வந்தார். இப்போது அவர்தான் கணிதத் துறைத் தலைவர். துறையின் புதிய அரங்கத்துக்குக் கனகசபை சார் பெயரை வைக்கிறார்களாம். இருபத்தெட்டாம் தேதி விழா. சார் காலமாகி ஐந்து வருடம் ஆகிறது.

"வாசல்ல ஒரு கல்லு வைக்கிறோம். சாரோட சூத்திரத்த அதுல செதுக்குறாங்க. அந்தப் புள்ளியோட!" என்று சிரித்தார்.

கனகசபைப் புள்ளி என்றால் அங்கே படித்த எல்லோருக்கும் தெரியும். சூத்திரத்தில் ஓர் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி இருக்குமாம். எதற்கு என்று பையன்கள் கேட்டால், "அதெல்லாம் போகப்போகப் புரியும்" என்பாராம் சார்.

விழாவில் நான் நாலு வரி வாசிக்க வேண்டுமாம். அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அங்கேயே முதல் வரியைப் படித்துக் காட்டினேன். 'பேராசிரியர் கனகசபை அவர்களின் நிழலில் வாழ்ந்தவன் நான்.'

"கண்ணாடி இல்லாமயே படிக்கிறீங்களே!" என்றார் ரெஜினா மேடம். எனக்கு எழுத்தே தெரியாமல் இருந்தது அவருக்குத் தெரியாது. கல்லூரியில் யாருக்கும் தெரியாது. சாருக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டாவது பாஸ் என்று அண்ணன் எங்கிருந்தோ வாங்கித் தந்த காகிதத்தைக் காட்டித்தான் வேலையில் சேர்ந்தேன். சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும். கையெழுத்து என்று அண்ணன் பழக்கிவிட்ட ஓர் இங்கிலீஷ் கிறுக்கல் உண்டு. ஒருநாள் சுற்றறிக்கையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன், சார் பார்த்துவிட்டார். அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"பயப்படாதடா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இனிமே நீ என் ஆளு" என்றார்.

பெற்ற அப்பாகூட எனக்கு அப்படிச் செய்ததில்லை.

ஜூலை 12

நாலு வரியில் மூன்று பாடமாகிவிட்டன. 'தம் சொந்தச் சிந்தனையால் கண்ட தேற்றம்' என்ற இடத்தில் மட்டும் நாக்கு தடுக்குகிறது.

இன்று அமிர்தவல்லி மேடத்தைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் துறையில் பன்னிரண்டு பேர். சேலை கட்டியவர் அவர் ஒருவர்தான். டாக்டர் பட்டம் வாங்கியவரும் அவரோடு சேர்த்து இரண்டே பேர். அப்பா தபால் ஆபீஸ் குமாஸ்தா. பெண் பார்க்க வந்தவர்கள், பையனைவிடப் பெண் அதிகம் படித்திருக்கிறாள் என்று எழுந்து போய்விட்டார்களாம். மேடமே சிரித்துக்கொண்டு சொல்வார். மற்ற வாத்தியார்கள் முதுகுக்குப் பின்னால் 'கணக்குப் பைத்தியம்' என்பார்கள்.

அவருக்குத் தனி அறை கிடையாது. நாலு மணிக்கு மேல் காலியாக இருக்கும் பதினான்காம் அறையில்தான் யோசிப்பார். சுவரிலேயே சிமெண்டு பூசிக் கறுப்படித்த பலகை. தேதியைப் போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தால், சேலையெல்லாம் சாக்பீஸ் தூளாகும்வரை நிறுத்த மாட்டார். ஆறு மணிக்குப் பெண்கள் வளாகத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று அப்போது ஒரு சட்டம். காவலாளி வந்து விசிலடிப்பார். மேடம் பாதி வரியில் சாக்பீஸை வைத்துவிட்டுப் போவார்.

பிளாஸ்கில் காபி கொண்டுவருவார். பாதி எனக்கு. கல்லூரியில் என்னை 'வாங்க, போங்க' என்று பேசியவர் அவர் ஒருவர்தான்.

எண்பத்து மூன்றாம் வருடம் சார் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். "மேடம் எழுதுறதெல்லாம் வீணாப் போகுதுடா. ஆறு மணிக்கு மேல, போர்டுல இருக்குறத அப்படியே ஒரு தாள்ல வரைஞ்சு எனக்குக் கொண்டா. அப்புறம் அழிச்சிரு. காலையில கிளாஸ் இருக்கு."

எனக்கு எழுத்து வராதே தவிர, கை நன்றாக வரும். பார்த்ததை அச்சு மாதிரி வரைவேன். கொக்கி மாதிரி ஒன்று, மடக்கு நாற்காலி மாதிரி ஒன்று, இரட்டைக் கோடு, சின்ன முட்டை, எல்லாவற்றையும் வரைந்தேன். மூன்று மாதம். சார் தாளைப் பார்த்து, "உன் கை கைடா!" என்பார். அன்றைக்குச் சோறே வேண்டியிருக்காது.

பிறகு ஒருநாள் பிரின்சிபால் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சாரும் மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். பிரின்சிபால் ஓர் அச்சுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, "மேடம் இத போர்டுல எழுதினத நீ பாத்திருக்கியா?" என்று கேட்டார். முந்தின நாளே சார் சொல்லிவைத்திருந்தார், "உன் எட்டாங்கிளாஸ் விஷயத்தத் தோண்டுறாங்க. எதக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிரு" என்று.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு காபி கிடையாது. ஓய்வு பெறும்வரை என்னை "அட்டெண்டர்" என்றுதான் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து அவரை வரச்சொல்லி ஒரு கடிதம் வந்ததாகச் சொன்னார்கள். போகவில்லை. அந்த வருடம் சார்தான் போய்வந்தார். மேடம் முதல் வருடப் பையன்களுக்குப் பாடம் எடுத்தே காலத்தை முடித்தார். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு எதில் கோபம் வரும் என்று நம்மால் சொல்ல முடியாது. பிளாஸ்க் மூடியில் நான் ஒரு கீறல் போட்டேன். அதுவாகவும் இருக்கலாம்.

ஜூலை 14

'ழ' சரியாக வரவில்லை. ஒரு பக்கம் முழுக்க 'ழ' எழுதினேன்.

ஜூலை 18

விழாவுக்குப் போட்டுக்கொள்ள, சார் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சால்வையைத் தேடினேன். தகரப்பெட்டியில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அதற்கும் அடியில் ஒரு தாள்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் வரைந்ததுதான். அன்றைக்குத் தாள்மேல் டீ கொட்டிவிட்டதால், சாருக்கு வேறொன்று வரைந்து கொடுத்தேன். வீணாய்ப்போன தாளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அவ்வளவு அழகாக வந்திருந்தது.

ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மேலே தேதி, 11-8-83. இப்போது படிக்க முடிகிறது. நடுவில் கொக்கிகளும் மடக்கு நாற்காலிகளும். அவை இப்போதும் எனக்குப் படம்தான். கீழே வலது மூலையில், தினமும் பலகையில் இருக்கும் ஒரு கொடி. மல்லிகைக் கொடி மாதிரி சுருள்சுருளாக இருக்கும். கணக்கிலேயே அழகானது இதுதான் என்று அன்று நினைத்துக்கொள்வேன். ஒரு சுருள்கூட விடாமல் வரைவேன்.

அது கொடி இல்லை. தமிழ்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில் ஒரு 'ச'. அப்புறம் 'ன்'. அதற்குமேல் கூட்ட வேண்டியிருக்கவில்லை, என் பெயர்.

'சன்னாசி, நேற்றும் அழித்துவிட்டீர்கள். இன்று தயவுசெய்து அழிக்க வேண்டாம். காலையில் இதிலிருந்துதான் தொடர வேண்டும். அமிர்தவல்லி.'

ஜூலை 19

எழுத ஒன்றும் இல்லை. மருதாயி கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். அப்படியே இருக்கிறது.

ஜூலை 21

சார் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். மேடத்தின் எழுத்து வீணாகக் கூடாது என்றுதானே சொன்னார். அழிக்காதே என்று மேடம் எழுதியிருந்ததைச் சார் கவனிக்காமல் விட்டிருக்கலாம். வேலை அதிகம் உள்ளவர்.

இதை எழுதிவிட்டு மூன்று முறை படித்தேன். மூன்று மாதம், தினமும் ஒரு தாள். ஒவ்வொன்றிலும் அந்த மூலை உண்டு. சாருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

பலகையைப் பார்த்து வரையும் வேலைக்கு என்னை என் கைக்காகத் தேர்ந்தெடுத்தார் என்று நாற்பத்தொரு வருடமாகப் பெருமைப்பட்டிருக்கிறேன். அவருக்கு வேண்டியிருந்தது என் குருட்டுக் கண்.

மருதாயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தில் கல் பொறுக்கினாள்.

"அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு."

"எட்டாங்கிளாஸ் விஷயம் வெளிய வந்தா பென்ஷன நிறுத்திட்டா?"

"ரேஷன் அரிசி இருக்கு, முருங்கமரம் இருக்கு. போயிட்டு வா. இப்பிடியே ஒக்காந்துக்கிட்டு இருந்தீன்னா நான் கொழம்பு வச்சு யாருக்குப் போட?"

ஜூலை 25

ஸ்ரீரங்கம் பஸ்ஸை நானே படித்து ஏறினேன். மேடத்தின் வீடு இரண்டாவது மாடி. வயது எழுபத்தாறு. கையில் ஒரு தடி. தலை பஞ்சாய் வெளுத்திருந்தது. கதவைத் திறந்ததும் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் இறுகியது.

"என்ன அட்டெண்டர்? விழாவுக்குக் கூப்பிடச் சொன்னாங்களா? நான் வரலன்னு ரெஜினாகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதை விட்டுவிட்டுத் தாளை நீட்டினேன்.

நின்றுகொண்டே பார்த்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது என் கையெழுத்து. ஆனா நான் தாள்ல எழுதலயே?"

"நான் வரைஞ்சது மேடம். போர்டப் பாத்து."

"நீங்களா? எதுக்கு?"

சொன்னேன். சார் சொன்னது, வரைந்தது, கொடுத்தது, அழித்தது எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் கடைசியில் விரலால் அந்த மூலையைத் தொட்டார்.

"இத்தனை நாள் கெஞ்சி எழுதியிருக்கேன். நேர்ல கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு உங்க பேரப் போட்டு எழுதியிருக்கேன். படிச்சிட்டும் அழிச்சீங்களே சன்னாசி?"

"எனக்குப் படிக்கத் தெரியாது மேடம். போன மார்கழியிலதான் கத்துக்க ஆரம்பிச்சேன்."

"பாக்கெட்ல பேனா வச்சிருப்பீங்களே?"

"சும்மா வச்சிருப்பேன்."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்காக எழுந்தவர் போல எழுந்தார். நிறுத்தாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"பிரின்சிபால் கேட்டப்ப, எனக்குன்னு இருந்த ஒரே சாட்சி நீங்கதான். என் நோட்டக் காட்டினேன். அச்சானதுக்கு அப்புறம் பாத்து எழுதிக்கிட்டதா இருக்கலாமேன்னார். அப்பத்தான் சன்னாசியக் கூப்பிடுங்க, அவர் பொய் சொல்ல மாட்டார்னேன்."

என்னால் தலை நிமிர முடியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. படிக்கத் தெரியாதுன்னு. நான் சொல்லிக் குடுத்திருப்பேனே. நாலு மணிக்கு மேல நாம ரெண்டு பேர்தானே அங்க இருந்தோம்."

இதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தாளைப் பார்த்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இந்தப் புள்ளி! இது இதுலயும் இருக்கா? நான் இத எழுதவே இல்ல. இதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அவர் பேருல வந்த அந்தப் புத்தகத்துல இத முதல்முதல்ல பாத்தப்ப குழம்பிப் போயிட்டேன். நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, அவராத் தனியாவே கண்டுபிடிச்சிருக்காரு, நாமதான் வீணாச் சந்தேகப்பட்டுட்டோம்னு எத்தனையோ வருஷம் நினைச்சிருக்கேன். என் மேலயே எனக்கு நம்பிக்கை போனது இந்தப் புள்ளியாலதான் சன்னாசி. அதுக்கப்புறம் நான் புதுசா ஒண்ணும் எழுதல."

எட்டிப் பார்த்தேன். பலகையில் என்றால் இடது பக்கத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, இரண்டாவது மடக்கு நாற்காலிக்கு அந்தண்டை. எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். துடைக்கும்போதெல்லாம் துணி மாட்டும்.

"அது ஆணி மேடம்."

"என்னது?"

"போர்டுல அடிச்ச ஆணி. படம் மாட்ட யாரோ அடிச்சாங்க, பிடுங்க வரல. தலையில சாக்பீஸ் அப்பி வெள்ளையா இருக்கும். நான் என்னத்தக் கண்டேன்? இருந்தத எல்லாம் வரைஞ்சேன்."

மேடம் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரித்தார். தடி கீழே விழுந்தது. அதை எடுக்காமல் சிரித்தார். சிரிப்பு எங்கே நின்று அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆணிய அச்சுல ஏத்திட்டு, நாப்பது வருஷம் அதுக்கு வியாக்கியானம் சொல்லியிருக்காரா மனுஷன்! அப்ப அவருக்கும் அதப் படிக்கத் தெரியலயே சன்னாசி!"

கிளம்பும்போது, விழாவில் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"நான் சொல்ல மாட்டேன். நாப்பது வருஷம் மனசுக்குள்ள உங்களத் திட்டியிருக்கேன். அத ஒருநாள்ல திருப்பி எடுத்துக்க என்னால முடியல. நீங்களாப் பாத்துச் செய்யுங்க."

காபி தரவில்லை. ஆனால் சன்னாசி என்றார். நாலு தடவை.

ஜூலை 28

சால்வை போட்டுக்கொள்ளவில்லை.

கல்லின் மேலிருந்த பட்டுத்துணியைச் சாரின் மகன் இழுத்தார். கறுப்புக் கல்லில் தங்க எழுத்து. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். ஆணி இருந்தது. தங்க நிறம் பூசி, பட்டாணி அளவில்.

என் பெயரைச் சொன்னார்கள். மேடை ஏறினேன். ரெஜினா மேடம் கொடுத்த தாளைப் பையிலேயே வைத்துவிட்டு, டீ கறை படிந்த தாளை எடுத்தேன். விரல் வைத்துப் படித்தேன்.

"சன்னாசி, நேற்றும் அழித்துவிட்டீர்கள். இன்று தயவுசெய்து அழிக்க வேண்டாம்."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். கிழவன் தாளை மாற்றி எடுத்துவிட்டான் என்று நினைத்திருப்பார். நான் நிறுத்தவில்லை. எனக்கு எழுத்து தெரியாமல் இருந்ததைச் சொன்னேன். எட்டாவது பாஸ் பொய் என்பதையும் சொன்னேன். தாளில் உள்ள தேதியைச் சொன்னேன். வரைந்தது யாருக்காக என்று சொன்னேன். பிரின்சிபால் முன்னால் நான் பொய் சொன்னதைச் சொன்னேன். அந்தப் புள்ளி பதினான்காம் அறைப் பலகையின் ஆணி என்றேன். அப்போது மைக் நின்றுவிட்டது.

சாரின் மகன் எழுந்து வந்தார். "எங்கப்பா இல்லன்னா நீ இந்நேரம் தெருவுல நின்னிருப்ப. சோறு போட்டவருக்கு நீ செய்யறது இதானா?"

அவர் சொன்னது உண்மைதான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

பழைய மாணவர்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் ஏறிப்போய்ச் சேர்ந்தபோது, பதினான்காம் அறையில் இப்போது மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்கள். பின்னால் பழைய சிமெண்டுப் பலகை அப்படியே இருந்தது. ரெஜினா மேடம் அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.



ஜூலை 31

கல்லைத் திரும்பவும் துணி போட்டு மூடிவிட்டார்களாம். விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். குழுவில் சாரின் மாணவர்கள் மூன்று பேர். என் சான்றிதழைப் பற்றிக் கேட்டுக் கல்லூரி ஆபீசிலிருந்து ஒரு கடிதமும் வந்துவிட்டது. நானே பிரித்து, நானே படித்தேன்.

ரெஜினா மேடம் தாளைக் கேட்டு வந்தார். "பத்திரமா வச்சிருப்போம் ஐயா" என்றார். நல்லவராகத்தான் தெரிகிறார். கனகசபை சாரும் அப்படித்தான் தெரிந்தார்.

"தாளத் தர மாட்டேங்க. வரைஞ்சு தரேன்" என்றேன்.

அமிர்தவல்லி மேடத்துக்குப் போன் செய்து, ஆணியையும் வரையட்டுமா என்று கேட்டேன்.

"அத விட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு? போடுங்க. வரைஞ்சத எடுத்துக்கிட்டு வியாழக்கிழமை இங்க வாங்க. வரிவரியா இதெல்லாம் என்னன்னு சொல்றேன். இந்தத் தடவ தெரிஞ்சு எழுதுங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லணும். பேனாவக் காட்டி ஏமாத்தக் கூடாது."

போனை வைத்ததும் மருதாயி கேட்டாள்: "காபி உண்டாமா?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

காலையிலிருந்து வரைகிறேன். முன்பு அரைமணியில் முடிகிற வேலை. இப்போது மூலையில் என் பெயர் வரும் இடத்தில் கை நின்று நின்று போகிறது. இரண்டு கொக்கியும் ஒரு மடக்கு நாற்காலியும்தான் ஆகியிருக்கின்றன. வியாழனுக்குள் முடித்துவிடுவேன். அந்த மடக்கு நாற்காலிக்கு என்ன அர்த்தம் என்று மேடத்திடம் கேட்டுக்கொண்டு வந்து, அடுத்த வாரம் இதே நோட்டில் எழுதுகிறேன்.